காரியாலயமும் சொந்தக் காரியமும்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் காபி அருந்திக்கொண்டிருந்த வேளையில், அண்மையில் மும்பைக்கு வந்து உத்தியோகத்தில் அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் நம் பக்கத்தில் வந்து நின்றார். ஊர் நலம், வீட்டு நலம் விசாரித்த பின், சற்றே தயங்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, எங்கள் காரியாலயத்தில் சொந்த மின்னஞ்சலைத் திறக்கக் கூடாது என்கிறார்கள். கைப்பேசியையும் வாயிலிலேயே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இது நியாயந்தானா? நாங்கள் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா?"

"விதி என்று ஒன்று இருந்தால் அதற்குக் காரணமும் இருக்கும், தம்பி" என்று சொல்லிவிட்டு நாம் பேச்சை மாற்றிவிட்டோம். வீடு திரும்பிய பிறகு அந்த விடை நமக்கே கசந்தது. ஏனெனில், அவர் குறை கூறிய அதே விதியை, ஏறக்குறைய அதே சொற்களில், ஒரு காலத்தில் நம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம். அதன் பயனையும் கண்டோம்; அதனால் விளைந்த தீங்கையும் கண்டோம். அன்று கூட்டத்தில் சொல்லாமல் விட்டதை ஈண்டுச் சொல்லிவிடுவது கடமையென்று தோன்றுகிறது.

காரியாலயத்தில் சொந்தக் காரியம் பார்ப்பது இணையத்தோடு பிறந்த குற்றமன்று. நாம் 1983-ஆம் ஆண்டில் கோட்டைப் பகுதியிலுள்ள ஒரு வணிக நிலையத்தில் இளநிலைக் கணக்கராகச் சேர்ந்தபோது, அங்கே கருநிறத் தொலைபேசி ஒன்று இருந்தது. எண்களைச் சுழற்றும் அதன் வட்டத் தட்டில், விரல் நுழைக்கும் ஒரு துளையில், சின்னஞ்சிறு பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கும். பூட்டு இருக்கும்வரை தட்டு சுழலாது. வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுக்கலாம். நாமாக எவரையும் அழைக்க முடியாது. சாவி பெரிய குமாஸ்தாவின் கோட்டுப் பையில் இருக்கும்.

பூட்டு என்று ஒன்று வந்தால் அதைத் திறக்கும் வித்தையும் உடன் வந்துவிடும் அல்லவா? தட்டைச் சுழற்றாமலே அழைக்க ஒரு வழி இருந்தது. தொலைபேசியின் மேலே, கைக்கருவியை வைக்கும் இடத்திலுள்ள குமிழை, மூன்று என்ற எண்ணுக்கு மூன்று முறையும், ஏழு என்ற எண்ணுக்கு ஏழு முறையும், இடைவெளி தவறாமல் விரைந்து தட்ட வேண்டும். சுழலும் தட்டு அனுப்பும் துடிப்புகளைத்தான் அந்தத் தட்டலும் அனுப்புகிறது. ஆகையால் நிலையத்திலுள்ள இயந்திரம் ஏமாந்துபோய் இணைப்பைக் கொடுத்துவிடும். எங்கள் காரியாலயத்தில் இதில் கைதேர்ந்தவர், இளமையில் மிருதங்கம் பயின்ற நண்பர் ஒருவர். மற்றவர்களுக்குத் தாளம் தப்பித் தவறான வீடு மணியடிக்கும்; அவருக்கு மட்டும் தப்புவதே இல்லை. இன்று தடை செய்யப்பட்ட தளங்களைக் காண 'வி.பி.என்.' என்னும் மறைவழியைத் தேடும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த நண்பரின் விரல்கள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன.

அந்தப் பூட்டைக் கண்டு நாமும் அன்று சினந்ததுண்டு. ஆயினும் அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் முற்பகல், நம் தந்தையார் உடல்நலங் குன்றியிருப்பதாக ஊரிலிருந்து தந்தி வந்தது. கையில் தந்தியை வைத்துக்கொண்டு, யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றோம். பெரிய குமாஸ்தா ஒரு குஜராத்தியப் பெரியவர். எவரிடமும் சிரித்துப் பேசாதவர். அவர் நம் முகத்தைப் பார்த்தார். தந்தியை வாங்கிப் படித்தார். கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "முதலில் பேசு, பேட்டா. கணக்கை மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். ஊரில் நெல் அரைவை ஆலையில்தான் தொலைபேசி இருந்தது. அந்த எண்ணுக்கு டிரங்க் கால் பதிவு செய்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, தாயாரின் குரலைக் கேட்டோம். அபாயம் நீங்கிவிட்டதென்று அறிந்தோம். மாதக் கடைசியில் கட்டணம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது; அதில் நமக்கு வருத்தம் எள்ளளவும் இல்லை.

நிற்க. இனி இணையத்துக்கு வருவோம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் தொடங்கிவைத்தது. எங்கள் காரியாலயத்துக்கு அது வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. முதலில் ஒரே ஒரு கணினி. அதற்கு ஒரு பதிவேடு. எவர், எத்தனை மணிக்கு, எதற்காக அமர்ந்தார் என்று எழுத வேண்டும். பின்னர் மேசைதோறும் கணினி வந்தது, பதிவேடு போயிற்று. 2011-ஆம் ஆண்டில் நாம் அங்கே நிர்வாக மேலாளராக உயர்ந்திருந்தோம். எழுபது சிப்பந்திகள், அனைவருக்கும் சேர்த்து ஒரு வினாடிக்கு 2 மெகாபிட் அளவுள்ள ஒரே இணைய வழி.

அவ்வாண்டு மார்ச்சு 30, புதன்கிழமை. உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மொகாலியில் மோதிய நாள். மறுநாள் நிதியாண்டின் முடிவு. வரித் தொகைகளைக் கட்டவும், வங்கிக்கு உத்தரவுகளை அனுப்பவும் எஞ்சியிருந்தது அந்தப் பிற்பகலும் அடுத்த நாளுந்தான். பிற்பகல் ஆட்டம் தொடங்கியதும் எங்கள் இணைய வழி அடைத்துக்கொண்டது. காரணம் எளிது. ஓர் ஆட்டத்தைப் படமாகக் காண அக்காலத்தில் குறைந்தது 300 முதல் 400 கிலோபிட் தேவைப்பட்டது. ஆறேழு பேர் பார்த்தாலே வழி முழுவதும் நிரம்பிவிடும். அன்று பார்த்தவர்கள் ஆறேழு பேர் அல்லர். கணக்குப் பிரிவினர் வங்கித் தளத்தின் முன் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தனர். இரவு பதினொரு மணி வரை தங்கியிருந்து அந்த வேலையை முடித்தோம். அந்த இரவில் வீட்டில் தம் குழந்தையின் பிறந்த நாளை விட்டுவிட்டு எங்களோடு அமர்ந்திருந்த கணக்காளர் ஒருவர், ஆட்டத்தில் ஒரு பந்துகூடப் பார்க்காதவர். சிலருடைய களிப்புக்கு வேறொருவர் விலை கொடுத்தார் என்பது நம் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் நாம் ஒரு சுற்றறிக்கை எழுதினோம். ஆட்டம், படம், அரட்டை ஆகிய தளங்கள் மூடப்பட்டன. சொந்த மின்னஞ்சல் மூடப்பட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் கணக்குகளைக் கையாளும் பிரிவில் கைப்பேசிகளை வாயிலிலேயே பெட்டியில் வைக்க வேண்டுமென்று விதித்தோம். அவ்வாடிக்கையாளரும் அதை ஒப்பந்தத்தில் கேட்டிருந்தார். நான்காவது பத்தியில் ஒரு வாக்கியம் சேர்த்தோம்: 'சிப்பந்திகளுக்கு வரும் சொந்தத் தொலைபேசி அழைப்புகள் எவையும் இணைக்கப்பட மாட்டா.' எழுதி முடித்தபோது, சுருக்கமாகவும் திட்டவட்டமாகவும் எழுதிவிட்டோம் என்று நமக்கு ஒரு பெருமிதங்கூட உண்டாயிற்று.

நான்கு மாதங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஆவணி மாதம் பிறந்தது.

கைப்பேசி தடுக்கப்பட்ட அந்தப் பிரிவில், விழுப்புரம் பக்கத்து இளைஞர் ஒருவர் பணியாற்றினார். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை அவருடைய முறை. ஒரு நாள், அவர் உள்ளே நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள், ஊரில் அவருடைய தாயார் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தங்கை அவருடைய கைப்பேசிக்கு அழைத்தாள். அது பெட்டிக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. மின்னஞ்சல் அனுப்பச் செய்தாள், அது திறக்கப்படவில்லை. எப்படியோ காரியாலயத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து மூன்றரை மணிக்கு அழைத்தாள். வரவேற்பில் இருந்தது ஒரு மராட்டியப் பெண். தங்கைக்குத் தமிழ் தவிர வேறு மொழி வராது. அண்ணனின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதிருக்கிறாள். சொந்த அழைப்பு என்பது மட்டும் அந்தப் பெண்ணுக்கு விளங்கிற்று. விதிப்படி இணைப்பைத் துண்டித்தாள். மேலும் இரண்டு முறை அழைப்பு வந்தது. மேலும் இரண்டு முறை விதி காக்கப்பட்டது.

இரவு பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்து கைப்பேசியை எடுத்தவர், விடுபட்ட அழைப்புகளைக் கண்டு ஊருக்குப் பேசினார். சென்னைக்குக் கடைசி விமானம் போய்விட்டது. அதிகாலை விமானத்தில் புறப்பட்டார். விடியுமுன், மூன்று மணியளவில், தாயார் கண்ணை மூடிவிட்டார். மூன்றரை மணிக்கே செய்தி எட்டியிருந்தால் மாலை விமானத்தைப் பிடித்து, சென்னையிலிருந்து சாலை வழியே நள்ளிரவுக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். தாய்க்கும் மகனுக்கும் மூன்று மணி நேரம் கிடைத்திருக்கும்.

இவையெல்லாம் நமக்கு அப்போது தெரியா. காரியங்கள் முடிந்து திரும்பியவர், விடுப்புக் கடிதத்தோடு நம் அறைக்கு வந்தபோதுதான் கேட்டறிந்தோம். அவர் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. "வீட்டாருக்கென்று ஓர் எண் கொடுத்திருக்கலாமே, சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு கையொப்பமிட்ட கடிதத்தை வாங்கிக்கொண்டு தம் இடத்துக்குப் போய்விட்டார்.

அன்று மாலை அந்தச் சுற்றறிக்கையை எடுத்துப் பல முறை படித்தோம். வரவேற்புப் பெண் தவறு செய்யவில்லை. காவலர் தவறு செய்யவில்லை. இளைஞரும் விதியை மீறவில்லை. எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். அதனாலேயே அந்தத் தீங்கு நேர்ந்தது. தவறு அந்த நான்காவது பத்தியில் இருந்தது. அதை எழுதிய கையில் இருந்தது. பழைய தொலைபேசியிலும் பூட்டுத்தான் தொங்கியது. ஆனால் அதற்குச் சாவி இருந்தது. சாவியை வைத்திருந்த மனிதர் இருந்தார். அவர் முகத்தை நாம் பார்க்கலாம், அவரும் நம் முகத்தைப் பார்ப்பார். நாம் செய்த பூட்டுக்குச் சாவியே செய்யவில்லை.

மறுவாரம் சுற்றறிக்கையைத் திருத்தினோம். ஆட்டமும் படமும் அரட்டையும் மூடியபடியே இருந்தன, பெட்டியும் இருந்தது. நான்காவது பத்தி மட்டும் மாறியது. குடும்பத்தாருக்கென்று தனியாக ஒரு தொலைபேசி எண். ஒவ்வொரு முறையிலும் அந்த அழைப்பை எடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் உரியவரின் மேசைக்குச் சென்று சொல்ல ஒருவர் பொறுப்பு. அழைப்பவரின் மொழி புரியாவிட்டால், அந்த மொழி அறிந்த சிப்பந்தியை உடனே அழைக்க வேண்டும்; அதற்கென ஒரு பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது. மேலும், உணவு வேளையில் சொந்த மின்னஞ்சல் பார்க்க, காரியாலய வலையோடு சேராத இரண்டு கணினிகள் தனியே வைக்கப்பட்டன. கைப்பேசியைத் தொடவும் பெட்டியறைக்குப் போய்வரவும் இரண்டு இடைவேளைகள் கொடுக்கப்பட்டன. அந்த எண்ணை எல்லோரும் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்று சில அதிகாரிகள் எச்சரித்தனர். முதலாண்டில் அதற்கு வந்த அழைப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்றேனும் வீண் அழைப்பு இல்லை.

இதனால், தடைகளே கூடா என்று நாம் சொல்வதாக இளைஞர்கள் கொள்ளலாகாது. 2011-இல் நாம் சொன்ன காரணங்களில் ஒன்று, வழி குறுகியது என்பது, இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. கண்ணாடி இழை வழியே அதைப் போல் நூறு மடங்கு அளவு இன்று சிறு காரியாலயத்துக்கும் கிடைக்கிறது. சிப்பந்திகளின் பையிலேயே அவரவர் இணையம் இருக்கிறது. ஆனால் வேறொரு காரணம் வலுத்துவிட்டது. காரியாலய அஞ்சலுக்குச் சல்லடை வைத்து நச்சுக் கடிதங்களை நிர்வாகம் வடிகட்டுகிறது. சொந்த அஞ்சலைக் காரியாலயக் கணினியில் திறப்பவர், அந்தச் சல்லடையைச் சுற்றிக்கொண்டு பின்வாசலால் ஒன்றை உள்ளே கொண்டுவருகிறார். அதே பின்வாசலால் வாடிக்கையாளரின் கணக்கு வெளியே போகவும் கூடும்.

இதை மிகைப்பட்ட அச்சம் என்று எண்ண வேண்டா. 2022 நவம்பர் 23 அன்று தில்லியிலுள்ள எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளைத் தீநிரல் ஒன்று முடக்கிற்று. நோயாளிகளின் பதிவுகளைப் பல நாட்கள் கையால் எழுத வேண்டியதாயிற்று. யாரோ ஒரு சிப்பந்தி சொந்த அஞ்சல் பார்த்ததால் அது நேர்ந்தது என்று நாம் கூறவில்லை. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததே காரணம் என்று அரசின் சார்பில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. ஆயினும், உள்ளே நுழைந்த ஒன்று எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு அது சான்று. வரிசையில் நின்ற நோயாளிகளுக்கும் அந்தக் கணினிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணிப் பார்த்தால், வாயிற்காவல் ஏன் வேண்டும் என்பது விளங்கும். நேரமும் அப்படித்தான். எட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆறு மணி நேரம் உழைப்பது, மற்ற இரண்டு மணி நேரத்தைப் பக்கத்து மேசைக்காரர் தலையில் ஏற்றுவதாகும்.

தடுப்பது வேறு, ஒளிந்து பார்ப்பது வேறு. இந்த வேறுபாட்டை நம்மவர்கள் நன்கு அறிந்திருக்க வேண்டும். 'இந்தத் தளம் அனுமதிக்கப்படவில்லை' என்று திரையில் காட்டும் தடை, பூட்டைப் போன்றது, கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் காரியாலயக் கணினியில் வேறு சிலவும் இருக்கக்கூடும். எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனோம் என்பது நடுவிலுள்ள காவற்கணினியில் பதிவாகிறது. உலாவியில் 'இன்காக்னிட்டோ' என்னும் மறைவுச் சாளரத்தைத் திறந்துகொண்டால் எவருக்கும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். அது நம் கணினியில் தங்கும் குறிப்பை மட்டுமே விலக்கும், காவற்கணினியின் பதிவை அழிக்காது. நிர்வாகம் தன் சான்றிதழ் ஒன்றைக் கணினியில் பதித்திருந்தால், ஒட்டிய உறையாகப் போகும் செய்தியும் நடுவழியில் திறக்கப்பட்டு, படிக்கப்பட்டு, மறுபடி ஒட்டப்பட்டுச் செல்லலாம். சில நிறுவனங்களின் நிரல்கள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை திரையையே படம் பிடிக்கின்றன. அவ்வாறாயின், வாட்ஸப் செய்தி வழியில் எவ்வளவு பத்திரமாக வந்தாலென்ன? திரையில் விரிந்ததும் படத்தில் விழுந்துவிடுகிறது.

இதைப் பற்றி ஐரோப்பாவில் நடந்த வழக்கு ஒன்று அறியத் தக்கது. ருமேனிய நாட்டில் பர்புலெஸ்கு என்னும் விற்பனைப் பொறியாளர் ஒருவர், வாடிக்கையாளரோடு உரையாடுவதற்காக, நிர்வாகம் கேட்டபடி யாகூ மெசஞ்சரில் கணக்கொன்று திறந்தார். சொந்த உபயோகம் கூடாதென்ற விதி அங்கே இருந்தது. 2007 ஜூலையில் நிர்வாகம் அவருடைய உரையாடல்களைச் சில நாட்கள் பதிவு செய்தது. 'வேலைக்கு மட்டுமே பயன்படுத்தினேன்' என்று அவர் எழுதிக் கொடுத்தார். உடனே நாற்பத்தைந்து பக்கங்களை எடுத்து அவர்முன் வைத்தார்கள். சகோதரரோடும், மணக்கவிருந்த பெண்ணோடும் அவர் பேசியவை அதில் இருந்தன. வேலை போயிற்று. ருமேனிய நீதிமன்றங்களில் தோற்றார். 2016-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் முதல் அமர்விலும் தோற்றார். 2017 செப்டம்பர் 5 அன்று அதே நீதிமன்றத்தின் பேரமர்வு, பதினொருவருக்கு அறுவர் என்ற கணக்கில், அவர் பக்கம் தீர்ப்பளித்தது. விதி இருந்ததை அது குறை கூறவில்லை. கண்காணிப்பு எத்தகையது, எவ்வளவு தூரம் செல்லும், உரையாடலின் உள்ளே இருப்பதையும் படிப்பார்களா என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லவில்லை என்பதே குறை. நிர்வாகத்தின் கட்டளை எதுவும், வேலையிடத்தில் மனிதனின் சொந்த வாழ்வை அறவே இல்லாமற் செய்துவிட முடியாது என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள்.

அந்தத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன், 2017 ஆகஸ்டு 24 அன்று, நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று புட்டசாமி வழக்கில் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். எனினும் அடிப்படை உரிமைகள் பெரிதும் அரசுக்கு எதிராக நிற்பவை. தனியார் முதலாளியிடம் அதைக் காட்டி வாதாடுவது எளிதன்று. 2023-இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாவது பிரிவோ, வேலைவாய்ப்பு சம்பந்தமாகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காக்கவும், சிப்பந்தியின் ஒப்புதலின்றியே அவருடைய விவரங்களைக் கையாள இடமளிக்கிறது. ஆகவே, சட்டம் நமக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றிருப்பது பேதைமை. காரியாலயக் கணினி காரியாலயத்தின் உடைமை. அதில் எழுதுவது கடைத்தெருவில் நின்று பேசுவதற்கு ஒப்பாகும் என்று கருதி நடப்பதே நலம்.

இன்னொன்றையும் நிர்வாகிகள் சிந்திக்க வேண்டும். 2020 மார்ச்சு மாத ஊரடங்குக்குப் பின் காரியாலயம் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கூடத்தில் அமர்ந்து வேலை பார்த்தோம். அதே மடிக்கணினியில் பிள்ளை பாடம் கேட்டது. இன்றும் இரவு ஒன்பது மணிக்கு மேலதிகாரியின் செய்தி வந்தால் சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டு விடை எழுதுகிறோம். வேலை நேரம் முடிந்த பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை பிரான்சு 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நம் மக்களவையில் 2018-இல் இதற்கெனத் தனி உறுப்பினர் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது, அது சட்டமாகவில்லை. காரியாலயம் நம் வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே வரலாம், நம் வீடு காரியாலயத்தின் கதவைத் தட்டவும் கூடாது என்றால், அது எந்தத் தராசில் நிற்கும்?

அயலூரில் வாழும் நமக்கு இதில் மற்றவர்களைக் காட்டிலும் மிகுந்த பங்கு உண்டு. இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவருடைய தாய்க்கு ஏதேனும் நேர்ந்தால், பக்கத்து வீட்டார் மின்சார ரயிலேறிக் காரியாலய வாசலுக்கே வந்து சொல்லிவிடுவார். நம் தாய் தந்தையரோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் இடையே இருப்பது ஓர் இழைதான். அதை எட்டு மணி நேரம் அறுத்துவைக்கும் காரியாலயம், ஒரு முடிச்சையாவது விட்டுவைக்க வேண்டும்.

ஆகையால், கேள்வி கேட்ட அந்த இளைஞருக்கும் அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் நாம் கூறுவது இது. வேலையில் சேரும் நாளன்றே விதிப் புத்தகத்தை முழுவதும் படியுங்கள். எது தடை, எது கண்காணிப்பு என்று தயங்காமல் கேளுங்கள். வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு, வேறு வேலைக்கான விண்ணப்பம், குடும்பத்துப் பேச்சு ஆகிய எதையும் காரியாலயக் கணினியில் வைக்க வேண்டா. மறைவழி தேட வேண்டா. மிருதங்க நண்பரின் வித்தைக்கு அன்று கிடைத்தது ஒரு வசவு மட்டுமே. இன்று வேலையே போய்விடும். விதி அநியாயமாகத் தோன்றினால், மேலாளரின் முகத்துக்கு நேரே மரியாதையோடு சொல்லுங்கள். எழுதியவருக்கே தம் வாக்கியத்தின் பொருள் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியவில்லை.

கைப்பேசியைப் பெட்டியில் வைக்கும் வேலையானால், இன்னொன்று செய்யுங்கள். வேலை நேரத்தில் அவசரச் செய்தி சொல்ல எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒன்றை ஏற்படுத்தித் தரச் சொல்லுங்கள். அதை ஒரு தடித்த தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஊரில் அம்மா அப்பா இருக்கும் வீட்டுச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். உங்கள் முழுப் பெயர், பிரிவின் பெயர், சிப்பந்தி எண் மூன்றும் அதில் இருக்கட்டும். கீழே, 'வீட்டில் அவசரம், உடனே சொல்லுங்கள்' என்பதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்தில் எழுதுங்கள். தங்கையைக் கொண்டு இரண்டு முறை அதை உரக்கச் சொல்லச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பூட்டுப் போடுங்கள், போட வேண்டிய இடம் உண்டு. போடுவதை எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிட்டுப் போடுங்கள். போட்ட அன்றே, சாவி எவர் பையில் இருக்கிறதென்றும் எழுதிவையுங்கள்.

விழுப்புரத்து இளைஞர் பின்னர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். விடைபெற வந்தபோது, புதிய இடத்தில் வீட்டாருக்கான எண்ணை முதல் நாளே கேட்டு வாங்கிவிட்டதாகச் சொன்னார். நாம் அவர் கையைப் பற்றிக்கொண்டோம். சொல்ல வேண்டிய ஒன்று நாவில் வந்து நின்றது, அன்று சொல்லவில்லை. இப்பக்கங்கள் எங்கேனும் அவர் கண்ணில் படுமானால், அது இதுதான்: அந்த நான்காவது பத்தியை எழுதியவர்கள் நாம், எங்களை மன்னிக்க வேண்டும், தம்பி.